ஐப்பசி பிறந்ததும் காருக்குப் போர்வை போர்த்தும் நண்பர்களுக்கு

வானம் லேசாக இருண்டதும் வண்டியை பேஸ்மென்ட்டில் இறக்கி, போர்வை போர்த்தி, தை பிறந்த பிறகுதான் திறந்து பார்க்கிற சென்னை ஸ்போர்ட்ஸ் கார்காரர்கள் எல்லோருக்கும் இந்த மடல். நானும் உங்களில் ஒருவன்தான். என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய போர்ஷேயின் 987 பாக்ஸ்டர். துணிக் கூரை, இன்ஜின் சீட்டுக்குப் பின்னால், பின்சக்கர டிரைவ். மழையில் எடுக்கவே கூடாத வண்டிக்கு என்னென்ன லட்சணம் சொல்வீர்களோ அத்தனையும் உண்டு. மூன்று மழைக்காலமாக அதில்தான் தினமும் ஆபீஸ் போய் வருகிறேன்.

"மழையில இதைப் போய் எடுக்கிறியே, உனக்கு எப்படி மனசு வருது?" என்று பார்க்கிறபோதெல்லாம் கேட்கிறீர்கள். மூடி வைக்க உங்களுக்கு எப்படி மனசு வருகிறது என்பது என் கேள்வி. பிரேக் டிஸ்க்கில் ராத்திரி படிந்த துரு, காலையில் நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். இரண்டு மாதம் நின்ற வண்டியில் பிரேக் பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும். அலாரம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்து பேட்டரியைக் குடித்துவிடும். காற்றுப் போகாத போர்வைக்குள் ஈரம் தேங்கி லெதர் சீட்டில் பூஞ்சை பிடிக்கும். எலி வேறு. வெளியே மழை பெய்தால் அதற்கும் காய்ந்த இடம் வேண்டும், உங்கள் இன்ஜின் ரூமை விட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? அப்புறம் அந்த பேஸ்மென்ட். தெருவில் தண்ணீர் ஏறினால் முதலில் நிரம்புவது அதுதான், 2015 டிசம்பரைப் பார்த்த ஊருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, ஓட்டுவதில் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. வாங்கிய வருஷம் முதல் மழை நாளில், கத்திப்பாரா மேம்பாலத்து வளைவில், நாற்பதுகூட இருக்காது, வண்டியின் பின்பக்கம் மெதுவாக வெளியே போனது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு படபடவென்று அடித்தது, ஸ்டெபிலிட்டி சிஸ்டம் பிடித்து இழுத்து நிறுத்தியது, எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. மழையைத் திட்டிக்கொண்டே டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் குனிந்து டயரின் பக்கச் சுவரை விரலால் துடைத்து நாலு எண்ணைக் காட்டினார். 1114. அதாவது 2014ஆம் வருஷம் 11ஆவது வாரத்தில் செய்த டயர். "பட்டன் புதுசு மாதிரி இருக்கு சார், ஆனா ரப்பர் செத்துப்போச்சு" என்றார். பட்டன் என்று அவர் சொன்னது, சாலையைப் பிடிக்கிற டயரின் மேல் வெட்டுகளை.

நம் வண்டிகளுக்கே உரிய வியாதி இது. வருஷத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாததால் பட்டன் தேய்வதில்லை, பட்டன் இருப்பதால் நாம் மாற்றுவதும் இல்லை, ரப்பர் மட்டும் வெயிலில் இறுகிக் கல்லாகிவிடுகிறது. டயர் மாற்றிய பிறகு அதே வளைவில் அதே வண்டி ஒன்றும் சொல்லாமல் திரும்பியது.

டயரில் காற்றையும் பாருங்கள். தேங்கிய நீரில் டயர் சாலையை விட்டு மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு 1960களில் நாசா ஆட்கள் விமான டயர்களை வைத்து ஒரு கணக்குச் சொன்னார்கள். காற்றழுத்தம் 32 பிஎஸ்ஐ இருந்தால் மணிக்கு சுமார் 94 கிலோமீட்டர், 25க்கு இறங்கினால் 83தான். என் வண்டிக்குப் பின்னால் 265 மில்லிமீட்டர் அகலத்தில் டயர். எடை குறைந்த வண்டி, அகல டயர் என்றால் அதற்கு முன்பே மிதக்கலாம், பட்டன் தேய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு இறங்கித் தேய்மானக் குறி தெரியும் வரை காத்திருக்காமல் நான் மூன்றிலேயே மாற்றிவிடுகிறேன். செலவுதான், ஆனால் இந்த வண்டியை வாங்கும்போது நாம் யாரும் சிக்கனம் பார்க்கவில்லை!

இன்ஜின் நடுவில் இருக்கிற வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஈர வளைவில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுக்காதீர்கள், எடை முன்னால் போய்ப் பின்பக்கம் இன்னும் லேசாகும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள். ஓஎம்ஆரில் லாரிச் சக்கரத்தின் மேல்விளிம்பு நம் கண் உயரத்தில் இருக்கும், லாரிக்காரருக்கு நாம் தெரிய மாட்டோம், பகலிலும் ஹெட்லைட் போடுங்கள்.

துணிக் கூரை வைத்திருப்பவர்கள் கூரைக்குப் பின்னால் உள்ள வடிகால் துளையை மாதம் ஒரு முறை பாருங்கள். என் ஆபீஸ் வாசலில் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் குட்டி இலைகளை அந்தத் துளைக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கும். மெல்லிய பிளாஸ்டிக் குழாயை விட்டு மெதுவாக ஆட்டினால் கறுப்புக் களியாக வெளியே வரும். அடைத்துக்கொண்டால் தண்ணீர் வண்டிக்குள் இறங்கும். பழைய பாக்ஸ்டர்களில் அலாரம், இம்மொபிலைசர் (சரியான சாவியா என்று பார்த்து ஸ்டார்ட் ஆக விடுவது) பெட்டி சீட்டுக்கு அடியில் தரையோடு தரையாக இருக்கிறது, அது நனைந்தால் சாவி இருந்தும் வண்டி உங்களை யாரென்றே கேட்கும்.

தேங்கிய நீரில் மட்டும் வீரம் வேண்டாம். பிளாட்பார விளிம்பு மறைந்த தெருவுக்குள் நான் போவதில்லை, சப்வே பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. உள்ளே தண்ணீர் போய் இன்ஜின் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள், இழுத்துப் போக ஆள் கூப்பிடுங்கள். இன்ஷூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்புக்குத் தனியாகச் சேர்த்திருக்கிறீர்களா என்று இன்றைக்கே பாலிசியை எடுத்துப் பாருங்கள், சாதாரண பாலிசியில் பெரும்பாலும் அது இருக்காது.

2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் ஊரே காரைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தியது ஞாபகம் இருக்கும். ரெட் அலர்ட் வந்தால் நானும் அப்படி ஏதாவது மேட்டில் வண்டியை விட்டுவிட்டுக் குடையோடு நடந்துதான் வருவேன். மற்ற நாட்களில் காலை எட்டரைக்கு மத்திய கைலாஷ் சிக்னலில் நிற்பேன். போர்வையைக் கழற்றிவிட்டு ஒரு நாள் பக்கத்தில் வந்து நில்லுங்கள்.