வட்டார ஆய்வுக்கு மொழிப் பயிற்சி தேவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் தெற்கு, தென்கிழக்கு ஆசிய ஆய்வுகளுக்கெனத் தனி மையம் இருப்பது நமக்குப் பெரும் பேறு. இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் பாரூஸ் அருகே லோபு துவா என்னும் இடத்தில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் வணிகக் குழுவைக் குறிப்பிடுகிறது என்பதை நினைத்தால், ஒரு நிலப்பகுதியின் நாடுகளை ஆராயும் இந்த வட்டார ஆய்வுத் துறை நமக்கு எவ்வளவு நெருக்கமானது என்பது விளங்கும். ஆயினும், இந்தோனேசியாவைப் பற்றி ஆய்வேடு எழுதும் மாணவர் அந்நாட்டு மொழியைக் கற்காமல் ஆங்கில நூல்களை மட்டுமே நம்பினால், அது பிறர் கண்ணால் பார்த்ததாகவே முடியும். அமெரிக்கா 1958ஆம் ஆண்டிலேயே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தின்வழி பல்கலைக்கழகங்களின் அயல்மொழிப் பயிற்சிக்கு நிதி ஒதுக்கியது. நம் பல்கலைக்கழகங்களும் மலாய், இந்தோனேசிய மொழி வகுப்புகளுக்கும் களப்பணிக்கும் உதவித்தொகை வழங்க வேண்டும். கருத்தரங்குகளில் மாணவர்களைப் பார்வையாளர்களாக மட்டும் அமர்த்தாமல் கட்டுரை வாசிக்கவும் அழைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
நாகப்பட்டினம்.