களா மூட்டில் கை வைக்காதே

அன்புள்ள மணி,

மூணு மாசமாய்ப் பதில் போடாததற்கு ஏசாதே. வீட்டில் எல்லாரும் சுகம். இப்போதும் ஸ்டீபன் சொன்ன சேதிதான் பேனாவை எடுக்க வைத்தது. கிணற்றடிக் களா மூட்டை, அந்தக் களாச் செடியைத்தான், வெட்டிவிட்டு அங்கே ஸ்வீட் செர்ரி வைக்கப் போகிறாயாமே! ஆப்பிள் வைத்துப் பட்டது போதவில்லையா மக்கா?

நீ படத்தில் பார்த்தது காஷ்மீரிலும் இமாச்சலத்திலும் காய்க்கிற மரம். குளிரில் இலையுதிர்த்துத் தூங்கும். தூங்கின மொட்டு ஒழுங்காக விழிக்க, சாதாரண ரகங்களுக்கு 7 டிகிரிக்குக் கீழே 700 முதல் 1,200 மணி நேரக் குளிர் வேண்டும். 700 என்றாலே இடைவிடாமல் 29 நாள். நாகர்கோவிலில் மார்கழி விடியலில் போர்வையை இழுத்துக்கொள்கிறோமே, அந்தக் குளிர் இந்தக் கணக்கில் பூஜ்யம். மினி ராயல், ராயல் லீ என்று குறைந்த குளிர் ரகங்கள் உண்டு. அவற்றுக்கும் 200, 300 மணி நேரம் வேண்டும். மூட்டில் ஐஸ் கொட்டலாமா என்று கேட்டாயாம். குளிர் தெரிய வேண்டியது மொட்டுக்கு, வேருக்கு இல்லை. இன்னொன்று, பெரும்பாலான ரகங்கள் தன் மகரந்தத்தில் தானே காய்க்காது. ஒரே சமயத்தில் பூக்கிற வேறு ரகம் பக்கத்தில் நிற்க வேண்டும். இவ்வளவும் தாண்டிப் பழுத்தாலும் மழை பட்டால் பழம் வெடிக்கும். இரண்டு பருவமழை பெய்கிற ஊரில் இருந்துகொண்டு இந்த ஆசை!

உனக்கு வேண்டியது பார்படோஸ் செர்ரி. மேற்கிந்தியச் செர்ரி என்றும் சொல்வார்கள். செடிக்காரன் வெறும் 'செர்ரி' என்று சொன்னால் வாங்காதே. சிங்கப்பூர் செர்ரியும் சுரினாம் செர்ரியும் அதே பேரில்தான் வரும். இதழின் அடி காம்பு மாதிரி ஒடுங்கி, விளிம்பு சுருங்கின இளஞ்சிவப்புப் பூ; பழத்தில் லேசாக மூணு பிரிவு, உள்ளே வரம்பு வரம்பாய் மூணு விதை. அதுதான் அடையாளம். விதை சரியாக முளைக்காது. பதியன் போட்ட கன்றானால் இரண்டாம் மூன்றாம் வருஷமே காய்க்கும்.

கன்று இரண்டு வாங்கு, ஆனால் வெவ்வேறு தாய் மரத்திலிருந்து. ஒரே மரத்துப் பதியன்கள் எத்தனை வைத்தாலும் மகரந்தக் கணக்கில் ஒரே செடிதான். இந்தச் செர்ரியின் சொந்த ஊரில், பூவிலிருந்து எண்ணெய் எடுக்கிற ஒரு வகைத் தேனீ மகரந்தம் சேர்க்கிறது. அது இங்கே கிடையாது. அதனால்தான் மரம் நிறையப் பூத்துப் பாதிக்கு மேல் உதிரும், நம் ஆட்கள் உரம் போதவில்லை என்று யூரியாவை அள்ளிப் போடுவார்கள். இலைதான் தழைக்கும். காலையில் மெல்லிய தூரிகையால் ஒரு செடியின் பூவைத் தொட்டு மற்றதில் தடவு.

என் பெரிய பயம் வேர்முடிச்சு நூற்புழு. இந்த மரத்தின் எமன் அது, மணல் கலந்த மண்ணில் இன்னும் மோசம். காசு கொடுக்குமுன் பையைச் சரித்து வேரைப் பார்; நிலக்கடலை கோத்தது மாதிரி முடிச்சு தெரிந்தால் இலை எவ்வளவு பச்சையாக இருந்தாலும் திருப்பிக் கொடு. வெண்டை, கத்தரி, தக்காளி நின்ற இடம் ஆகவே ஆகாது. குழி 2 அடிக்கு 2 அடி, செடிக்குச் செடி 10 அடி. மேல்மண்ணோடு 10 கிலோ மக்கின சாணம், 1 கிலோ வேப்பம்புண்ணாக்கு. உன் விளையில் மண் புளிப்பான (அமிலம் கூடின) செம்மண், அதனால் சாணம் போடுவதற்கு இரண்டு வாரம் முன்பே கால் கிலோ சுண்ணாம்பு கலந்து வை; இரண்டையும் சேர்த்துப் போட்டால் சாணத்தின் சத்து ஆவியாகிவிடும். நூற்புழுவுக்காகச் சுற்றிலும் செண்டுப்பூ நடு. வேர் மேலாகவே ஓடுவதால் ஆடிக்காற்றில் சாயும், கம்பு ஊன்றிக் கட்டு. மண்வெட்டியால் தூரைக் கொத்தாதே, சருகு போட்டு மூடு.

பூத்து மூணு நாலு வாரத்தில் பழம். 100 கிராமில் 1,000 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி, ஆரஞ்சை விடப் பல மடங்கு. ஆனால் தோல் அவ்வளவு மெல்லிசு, பறித்த பழம் இரண்டு மூணு நாள் தாங்காது. சந்தைக்குக் கொண்டுபோகிற கனவை விட்டுவிடு.

இனி அந்தக் களா. கேக்கின் மேல் சிவப்பாய் உட்கார்ந்திருக்கிறதே செர்ரி, நம் பேக்கரிகளில் அது பெரும்பாலும் சாயம் போட்ட களாக்காய்தான். அதையா வெட்டப் போகிறாய்? அம்மா வைத்த மூடு வேறு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை மணி, அதை விட்டுவிடு. செங்காயாகப் பறித்து, கீறி விதை எடுத்து, பால் போக ஒரு ராத்திரி உப்புநீரில் போடு. மறுநாள் அலசி, மெத்தென்று ஆகும்வரை வேக வை. அரை லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோ சர்க்கரைப் பாகில் ஊறப் போடு. தினமும் பாகை மட்டும் வடித்து, 100 கிராம் சர்க்கரை சேர்த்துக் கொதிக்க வைத்து மறுபடி ஊற்று. ஆறேழு நாளில் தேன் பதம் வரும். எடுத்தவுடன் கெட்டிப் பாகில் போட்டால், சர்க்கரை உள்ளே போகுமுன் காயின் தண்ணீர் வெளியே வந்து கொட்டை மாதிரி சுருங்கிவிடும்.

செர்ரிக்கு வெயில் விழுகிற இடம் தெக்குச் சுவரோரம் இருக்கிறதே, அந்த இத்துப்போன ஸ்கூட்டரை எடுத்தால். எடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) முன்னே குழி எடுத்து வை. செண்டு விதை ஸ்டீபனிடம் கொடுத்து விடுகிறேன். அவன் மறந்தால் நான் பொறுப்பில்லை.

அன்புடன்,
செல்வம்