எலக்ட்ரான் தேடலைத் தோல்வி என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் துணுக்குகளில், எலக்ட்ரானுக்கு மின் இருமுனை திருப்புத்திறன் உண்டா, அதாவது அதன் மின்னூட்டம் ஒரு பக்கமாகத் துளி ஒதுங்கியிருக்கிறதா என்று தேடும் சோதனைகளைப் பற்றி நான்கு வரி போட்டிருந்தீர்கள். தமிழில் இதை யாராவது எழுத மாட்டார்களா என்று காத்திருந்தவள் நான். ஆனால் ‘தேடல் தோல்வி’ என்ற தலைப்பு மனதை உறுத்திவிட்டது. முப்பது வருஷம் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்தியவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

என் அப்பா தெற்காவணி மூல வீதியில் பத்தர் வேலை பார்த்தவர். தங்கம் நிறுக்கும்போது காற்றாடியை நிறுத்திவிடுவார். சந்தேகம் வந்தால் தங்கத்தையும் எடைக்கல்லையும் தட்டு மாற்றி வைத்து மறுபடி நிறுப்பார். கோளாறு தராசில் என்றால் அப்போது தெரிந்துவிடும். இந்தச் சோதனைக்கும் உயிர் அந்தத் தட்டு மாற்றல்தான். எலக்ட்ரானுக்குப் பம்பரம் போல ஒரு சுழல் அச்சு உண்டு. மின்னூட்டம் அந்த அச்சின் ஒரு முனைப்பக்கம் துளி ஒதுங்கியிருந்தாலும், மின்புலத்தில் அச்சு மெல்லத் திரும்பும். புலத்தை மாற்றிப் போட்டால் எதிர்ப்பக்கம் திரும்பும். அந்த வித்தியாசத்தைத்தான் தேடுகிறார்கள்.

சரி, இந்தச் சோதனைக்குக் கனமான அணு உள்ள மூலக்கூறைத் தேடிப் பிடிக்கிறார்களே, எதற்கு? மின்புலம் வலுவாக இருந்தால்தான் அச்சு திரும்புவது கண்ணுக்குப் படும். ஆய்வகத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு லட்சம் வோல்ட்டைத் தாண்டுவதே பெரும்பாடு. தோரியம் மோனாக்சைடு மூலக்கூறிலோ, தோரியம் அணுக்கருவை ஒட்டிப் பாயும் எலக்ட்ரான் உணரும் புலம் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 8,000 கோடி வோல்ட்! கனமான கருவுக்கு அருகே எலக்ட்ரானின் வேகம் ஒளியின் வேகத்தோடு ஒப்பிடும் அளவுக்குப் போவதால் கிடைக்கும் லாபம் இது. லேசான அணுவில் வேகம் குறைவு. உள்ளே இருக்கும் புலங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சராசரியில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. இத்தனைக்கும் அந்த மூலக்கூறை ஒரு திசையில் நிறுத்திவைக்க, வெளியிலிருந்து சென்டிமீட்டருக்கு நூறு வோல்ட் அளவே போதும். இதை வகுப்பில் சொன்ன நாளில் மணி அடித்தும் பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை.

2014-லும் 2018-லும் அமெரிக்காவின் ஏக்மி (ACME) என்ற ஆய்வுக் குழு இந்த மூலக்கூறை வைத்து அளந்தது. 2023-இல் கொலராடோவின் ஜிலா ஆய்வகத்தில், ஹாஃப்னியம் ஃபுளோரைடு அயனிகளைப் பொறியில் பிடித்து, மூன்று விநாடி வரை கவனித்தார்கள். திருப்புத்திறன் இருந்தாலும் அது 4.1 × 10⁻³⁰ எலக்ட்ரான் மின்னூட்டம்–சென்டிமீட்டருக்கு உள்ளேதான் என்று கண்டார்கள். ஒரு தண்ணீர் மூலக்கூறின் திருப்புத்திறன் இந்த எல்லையைவிட ஏறத்தாழ கோடி கோடி கோடி மடங்கு பெரியது. அவ்வளவு நுணுக்கமாக நிறுத்துப் பார்த்துவிட்டு ‘தட்டு சாயவில்லை’ என்று சொன்னவர்களைத் தோற்றவர்கள் என்று எழுதலாமா?

அந்தப் பதிலுக்கு விலை உண்டு. பெருவெடிப்பில் பருப்பொருளும் எதிர்ப்பருப்பொருளும் சரிசமமாகப் பிறந்து ஒன்றையொன்று அழித்திருந்தால் வைகையும் இல்லை, நாமும் இல்லை. ஏன் ஒரு பக்கம் மட்டும் மிஞ்சியது என்பதற்கு இன்றைய துகள் கோட்பாடு தரும் காரணம் போதவில்லை. போதும்படி புதுத் துகள்களைச் சேர்த்த பல கோட்பாடுகள், எலக்ட்ரானிலும் அளக்கக்கூடிய ஒரு சாய்வு இருக்கும் என்றன. அவற்றில் பல இந்த அளவீடுகளில் அடிபட்டுப் போயின.

அப்புறம், தோரியமும் ஹாஃப்னியமும் அந்நியப் பெயர்களாகத் தெரியலாம். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலின் மோனசைட் என்ற கனிமத்தில் தோரியமும், சிர்கான் என்ற கனிமத்தில் ஹாஃப்னியமும் இருக்கின்றன.

இன்னொன்றும் முக்கியம். மூலக்கூறுக்குள் இருக்கும் அந்தப் புலத்தை நேரடியாக அளக்க முடியாது; கணக்குப் போட்டே தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கணக்கு இல்லாமல், அளந்த கோணத்திலிருந்து திருப்புத்திறனைச் சொல்ல வழியில்லை. பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் பி.பி. தாஸ் குழுவினர் 2015-இல் பாதரச ஹாலைடு மூலக்கூறுகளுக்கு இப்படிக் கணக்கிட்டு, அவையும் இந்தத் தேடலுக்கு ஏற்றவை என்று காட்டினார்கள். லேசரும் வெற்றிடக் கலனும் இல்லாத ஊரிலிருந்தும், நல்ல கணினியும் குவாண்டம் வேதியியலும் கைவந்த ஒரு மேலூர்ப் பிள்ளை இதில் இறங்க முடியும். அந்தப் பிள்ளை கண்ணில் ‘தோல்வி’ என்ற தலைப்புதானே முதலில் படும்?

அடுத்த மாணவர் இணைப்பில் இதற்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். படம் வரைந்து, எளிய கணக்கும் போட்டு அனுப்ப நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
மேலூர், மதுரை மாவட்டம்