கணப்பு ஹீட்டர் செய்வோருக்கும் விற்போருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். கணப்பு அடுப்பு வடிவில் வரும் மின் ஹீட்டர்களின் பெட்டியில் 'ஆயிரம் சதுர அடி வரை' என்று கொட்டை எழுத்தில் அச்சிடுகிறீர்கள். அதே பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் 1500 வாட் என்றிருக்கிறது. இவ்விரண்டும் எப்படிப் பொருந்தும் என்பது உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாததல்ல.

எட்டடி உயரக் கூரையும் ஓரளவு வெப்பக் காப்பும் உள்ள அறைக்குச் சதுர அடிக்கு 10 வாட் என்பது நடைமுறைக் கணக்கு. அதன்படி 1500 வாட் 150 சதுர அடிக்குத்தான் போதும்; ஆயிரம் சதுர அடிக்கு 10,000 வாட் வேண்டும். 'துணைச் சூட்டுக்கு மட்டும்' என்ற சிற்றெழுத்து வரி உங்களைக் காப்பாற்றலாம், வாங்கியவரைக் காப்பாற்றாது.

அவர் என்ன செய்கிறார்? கூடம் சூடாகவில்லை என்று இரண்டாவது ஹீட்டர் வாங்குகிறார். சுவரில் இருப்பது ஒரே பிளக் பாயின்ட். அதனால் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுகிறார். 230 வோல்ட்டில் ஒரு ஹீட்டர் 6.5 ஆம்பியர் இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் 13. மலிவான எக்ஸ்டென்ஷன் வயர் பலவும் 0.75 சதுர மில்லிமீட்டர்தான், மணிக்கணக்கில் 13 ஆம்பியர் தாங்காது. (120 வோல்ட் நாடுகளில் ஒரு ஹீட்டரே 12.5 ஆம்பியர்!)

முதலில் வேகுவது பிளக்கின் உலோக முனைகள் செருகும் இடம். அங்கே பிடி தளர்ந்து 0.1 ஓம் மின்தடை இருந்தால் 6.5 ஆம்பியரில் 4 வாட் சூடு பிறக்கும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு: 17 வாட். ஒரு சிறிய சால்டரிங் அயர்னை பிளாஸ்டிக்குக்குள் சொருகி வைத்தது போல. சூட்டில் பித்தளைப் பிடி இன்னும் தளரும், தடை ஏறும், பிளக் பழுப்பாகி உருகும். மின்னோட்டம் மிஞ்சினால் தானே விழுந்து துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி. ஸ்விட்ச் இதற்கு விழாது, 13 ஆம்பியர் அதன் கணக்கில் சாதாரணச் சுமை. கவிழ்ந்தால் அணைக்கும் ஸ்விட்சும் சூடு மிஞ்சினால் துண்டிக்கும் கட்-ஆஃபும் ஹீட்டருக்குள் இருக்கின்றன. பிளக்கில் நடப்பது அவற்றுக்குத் தெரியாது.

எனவே எங்கள் கோரிக்கை: பெட்டியின் முகப்பில் வாட், ஆம்பியர், எந்தக் கூரை உயரத்துக்கு எத்தனை சதுர அடி, 'சுவர் பிளக்கில் நேராக, தனியாக மட்டும்' ஆகிய நான்கையும் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்போது முகப்பில் இருப்பவை வேறு. தீச்சுவாலைக்கு ஐந்து நிறம், ரிமோட், விறகு வெடிக்கும் ஓசை. அந்தச் சுவாலை சில வாட் எல்.இ.டி. விளக்கு. அதன் நிறத்தைத் தேர்ந்தெடுக்க உரிமை தந்ததற்கு நன்றி. வயரின் தடிமனைத் தெரிந்துகொள்ளும் உரிமையும் கூடவே வந்திருக்கலாம். 'பாதி மின்சாரத்தில் இரட்டிப்புச் சூடு' என்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். குவார்ட்ஸ், செராமிக், எண்ணெய் எதுவானாலும் 1500 வாட் வாங்கினால் 1500 வாட் சூடுதான் தரும். வேறுபாடு சூடு போகும் வழியில்: குவார்ட்ஸ் எதிரே உட்கார்ந்தவர் மேல் நேராகக் காயும், செராமிக் ஃபேன் காற்றை விரைவில் சூடாக்கும், எண்ணெய் ஹீட்டர் மெதுவாகச் சூடேறி அணைத்த பிறகும் கதகதப்பைக் கொஞ்ச நேரம் வைத்திருக்கும். இதைச் சொல்லி விற்றால் சரியான அறைக்குச் சரியான ஹீட்டர் போய்ச் சேரும்.

அறைச் சூட்டை அளந்து ஹீட்டரை அணைத்துப் போடும் தெர்மோஸ்டாட்டிலும் குறை உண்டு. சில மாடல்களில் அது சூடேற்றும் கம்பிக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தன் சூட்டைத் தானே அளந்து, அறை குளிர்ந்திருக்கும்போதே அணைந்துவிடுகிறது. காற்று உள்ளே நுழையும் பக்கத்தில் அதை வைப்பது பெரிய வித்தையல்ல. பின்புறச் சல்லடையில் தூசி அடைத்தால் கட்-ஆஃப் விழும். பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, தூசியை உறிஞ்சி எடுத்தால் பல ஹீட்டர்கள் மறுபடி ஓடும். இந்த இரண்டு வரி தெரியாமல் நல்ல ஹீட்டர்கள் குப்பைக்குப் போகின்றன.

மறுபடியும் பணிவாகக் கேட்கிறோம்: வாட், ஆம்பியர், கூரை உயரத்தோடு சதுர அடி, தனிச் சுவர் பிளக். எக்ஸ்டென்ஷன் கூடாது என்று கையேட்டின் உள்பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் பெட்டியின் முகப்புக்குக் கொண்டுவந்தால் போதும். இடம் போதவில்லையென்றால் சுவாலைப் படத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஹீட்டர் வாங்குவோர், பழுது பார்ப்போர் சார்பில்