மாப்பிள்ளை வாங்கியிருக்கும் துப்பாக்கியைப் பற்றி

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. பிள்ளைகளின் படங்கள் வந்தன, பெரியவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டதைப் பார்த்து அம்மா நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போனில், மாப்பிள்ளை ஒரு பிஸ்டல் வாங்கியிருக்கிறார் என்றாய். இரண்டு தெரு தள்ளி நம் ஆட்கள் வீட்டில் நகை போனதிலிருந்து ராத்திரி தூக்கமே இல்லை என்றும் சொன்னாய். வாங்கியது சரியா, தப்பா என்று நான் பேசப் போவதில்லை. டெக்சாஸில் அது உங்கள் உரிமை, வீடும் உங்களுடையது. ஆனால் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "துணி அலமாரி மேல் தட்டில், கம்பளிக்கு அடியில், பிள்ளைகளுக்குத் தெரியாதுப்பா" என்றாய். அந்த நேரத்திலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. போனில் பேசலாம் என்றால் பாதியில் சின்னவன் வந்து பிடுங்கிக்கொள்கிறான். அதனால் எழுதுகிறேன். நீ படித்துவிட்டு மாப்பிள்ளையிடமும் கொடு. பட்டாளத்தில் ஆயுதக் கணக்கு பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன் என்று அவருக்குச் சொல், அவர் புரிந்துகொள்வார்.

நான் மதராஸ் ரெஜிமென்ட்டில் கோத் என்.சி.ஓ.வாக இருந்தது உனக்குத் தெரியும். அங்கே என்ன வேலை என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கோத் என்றால் ஆயுதக் கிடங்கு, கோத் என்.சி.ஓ. என்றால் அதைப் பொறுப்பாகப் பார்ப்பவன். ரைபிள்கள் வரிசையாக ரேக்கில் நிற்கும், எல்லாவற்றையும் கோத்து ஒரு சங்கிலி, அதற்குப் பூட்டு, கதவுக்கு வேறு பூட்டு, வெளியே காவல். தோட்டா அந்த அறையிலேயே இருக்காது. அது தனி இடம், தனிப் பூட்டு. யார் எடுத்தாலும் ரெஜிஸ்டரில் கையெழுத்து. ரேஞ்சில் சுட்டு முடித்ததும் ஒவ்வொரு ஜவானும், "என்னிடம் உயிருள்ள ரவுண்டும் இல்லை, காலிக் கோக்காவும் இல்லை" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும். ரவுண்டு என்றால் தோட்டா, கோக்கா என்றால் சுட்ட பின் மிஞ்சும் காலிக் கூடு. ஒரு கோக்கா குறைந்தாலும் எல்லோரும் புல்லுக்குள் குனிந்து தேடுவோம். இத்தனையும் பயிற்சி எடுத்த பெரிய ஆட்களுக்காக. உன் வீட்டில் ஆறு வயதும் மூன்று வயதும் ஓடியாடுகின்றன.

ஒளித்து வைப்பதைப் பத்திரம் என்று நினைக்காதே. நாற்காலி போட்டு, அதன் மேல் பாத்ரூம் ஸ்டூலைத் தூக்கி வைத்து, மேல் ஷெல்ஃபிலிருந்து முறுக்கு டப்பாவைப் பெரியவள் இறக்கியதை நீதானே வீடியோ எடுத்து அனுப்பினாய்? எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கிறது. துப்பாக்கி இருக்கும் வீடுகளில் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியாகக் கேட்டு அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2006-ல் வெளிவந்தது. எங்கள் பிள்ளைக்கு இடம் தெரியாது என்று சொன்ன பெற்றோரில் 39 சதவீதம் பேரின் பிள்ளைகள் இடத்தைச் சரியாக அறிந்திருந்தார்கள். தொட்டதே இல்லை என்று சொன்னவர்களில் 22 சதவீதம் பேரின் பிள்ளைகள் கையில் எடுத்தும் பார்த்திருந்தார்கள். அவர்களும் உன்னைப் போலத்தான் மனதார நம்பியிருப்பார்கள்.

சின்னவனுக்கு மூன்று வயதுதானே, விரலில் பலம் ஏது என்று நினைக்கலாம். அதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். 3, 4 வயதுப் பிள்ளைகளில் நாலில் ஒருவரால் இரண்டு விரலைச் சேர்த்து 10 பவுண்டு பலத்தோடு ட்ரிக்கரை இழுக்க முடிகிறது. 5, 6 வயதில் பத்தில் ஏழு பேரால். இப்போது கடையில் விற்கும் பல பிஸ்டல்களின் ட்ரிக்கருக்கு ஐந்தாறு பவுண்டே போதும். எழுதக் கை நடுங்கினாலும் இதையும் எழுதியாக வேண்டும்: பிஞ்சுக் கை, பிடியைப் பெரியவர்கள் மாதிரி பிடிக்காது. குழலைத் தன் பக்கமே திருப்பிக்கொண்டு இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தவும் கூடும்.

பெரியவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டோம், தொட மாட்டாள் என்று நீ சொல்லலாம். சொல்லிக் கொடு. துப்பாக்கியைக் கண்டால் நில், தொடாதே, அந்த இடத்தை விட்டு ஓடு, பெரியவர்களிடம் சொல் என்று அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது நல்லதுதான். ஆனால் அந்தப் பாடத்தை நம்பிப் பூட்டாமல் இருக்காதே. 8 முதல் 12 வயதுப் பையன்களை ஓர் அறையில் விட்டு, மேசை இழுப்பறையில் குண்டில்லாத நிஜ பிஸ்டலை வைத்து, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மருத்துவர்கள் கவனித்த ஆய்வு 2001-ல் வந்தது. துப்பாக்கியைக் கண்டுபிடித்த குழுக்களில் முக்கால்வாசி அதைக் கையில் எடுத்தன, ஏறக்குறைய பாதிக் குழுக்களில் யாரோ ஒருவன் ட்ரிக்கரை இழுத்தான். எடுத்த பையன்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏற்கெனவே ஏதோ ஒரு துப்பாக்கிப் பாதுகாப்புப் பாடம் படித்தவர்கள். அவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை, கண்ணு. அந்த வயசு அப்படி.

அதனால் நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தத் துப்பாக்கிக்கு உங்கள் வீட்டில் இரண்டே இடம்தான். ஒன்று மாப்பிள்ளையின் உடம்பில், அவர் கட்டுப்பாட்டில். இல்லாவிட்டால் பூட்டுக்குள். தலையணைக்கு அடி, மெத்தைக்கு அடி, கட்டில் பக்க இழுப்பறை, கார் டேஷ்போர்டு, உன் கைப்பை இதெல்லாம் இடமே இல்லை. கைப்பையைச் சும்மா சொல்லவில்லை. 2014 டிசம்பரில் ஐடஹோவில் ஒரு தாய் கடைக்குப் போனாள், இரண்டு வயது மகன் தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் அவள் பை. துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி அறை தைத்த பை அது. பிள்ளை கையை விட்டு எடுத்துவிட்டான். அவள் அங்கேயே இறந்துபோனாள். ஆயுதம் பழகாதவள் இல்லை அவள்.

இனி மாப்பிள்ளைக்கு. துப்பாக்கியை காலி செய்யும் வரிசை முக்கியம், அதில் சுருக்குவழி வேண்டாம். குழல் ஆள் இல்லாத பக்கம், விரல் ட்ரிக்கரை விட்டு வெளியே. முதலில் மேகசினை, அதாவது பிடிக்குள் இருக்கும் தோட்டாக் கூட்டை, வெளியே எடுக்க வேண்டும். அதற்கப்புறம் மேலே நகரும் இரும்புப் பகுதியான ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்க வேண்டும், குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் சேம்பரில் இருக்கும் ரவுண்டு வெளியே விழும். இழுத்தபடியே நிறுத்தி, சேம்பருக்குள் கண்ணால் பார்க்க வேண்டும், சுண்டுவிரலை விட்டும் தடவிப் பார்க்க வேண்டும். வரிசை மாறி முதலில் ஸ்லைடை இழுத்தால், ஒரு ரவுண்டு வெளியே விழும், ஸ்லைடு திரும்பும்போது மேகசினிலிருந்து அடுத்தது உள்ளே ஏறிக்கொள்ளும். பிறகு மேகசினை உருவினாலும் சேம்பரில் ஒன்று தயாராக உட்கார்ந்திருக்கும். நாங்கள் கையாண்ட 9 மி.மீ. பிஸ்டலில் மேகசின் இல்லாவிட்டால் ட்ரிக்கர் வேலை செய்யாது. அங்கே இப்போது விற்கும் பெரும்பாலான பிஸ்டல்களில் அந்தத் தடை கிடையாது, மேகசின் இல்லாமலும் சுடும். "மேகசின் என் பையில்தான் இருந்தது" என்று சொல்லி அழுதவர்கள் உண்டு.

துப்பாக்கி வந்த டப்பாவிலேயே ஒரு கேபிள் பூட்டு இருந்திருக்கும், பாருங்கள். கைத்துப்பாக்கி விற்கும் லைசென்ஸ் கடைக்காரர் ஏதாவது ஒரு பூட்டுச் சாதனத்தோடுதான் தர வேண்டும் என்று 2005-ல் மத்திய சட்டம் வந்தது. பூட்டத்தான் வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. தொலைந்திருந்தால் பல ஊர்களில் போலீஸ் நிலையத்திலேயே இலவசமாகத் தருகிறார்கள். ஸ்லைடைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்தி, தோட்டா வெளியேறும் வாய் வழியாக கேபிளை விட்டு, மேகசின் நுழையும் பிடிவழியே கீழே எடுத்துப் பூட்ட வேண்டும். ட்ரிக்கர் வளையத்தில் மட்டும் சுற்றிப் பூட்டுவது பூட்டே இல்லை.

மருத்துவர்கள் சொல்லும் முறை தெளிவானது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் துப்பாக்கி இல்லாமல் இருப்பதே நல்லது என்கிறது. இருந்தே ஆக வேண்டும் என்றால் காலியாக, பூட்டி, தோட்டாவை வேறு இடத்தில் தனியாகப் பூட்டி வைக்கச் சொல்கிறது. எங்கள் கோத் முறையும் இதுதான், என் விருப்பமும் இதுதான். ஆனால் மாப்பிள்ளை கேட்பார்: "நடுராத்திரி ஆள் உள்ளே வந்துவிட்டால் இரண்டு பூட்டைத் திறந்துகொண்டிருக்க முடியுமா, மாமா?" நியாயமான கேள்வி. அவர் மனசு அதற்கு ஒப்பவில்லை என்றால், கட்டிலுக்குப் பக்கத்தில் பட்டன் அழுத்தித் திறக்கும் சின்ன இரும்புப் பெட்டி வாங்கி, தரையிலோ சுவர்க் கட்டையிலோ போல்ட் அடித்துப் பொருத்தட்டும். பழகினால் இருட்டிலும் சில விநாடியில் திறக்கலாம். காலித் துப்பாக்கியை வைத்து, விளக்கை அணைத்துப் பழகட்டும். போல்ட் அடிக்காத பெட்டியைத் திருடன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விடுவான். மட்டமான பெட்டிகளில் சில, தூக்கிக் கீழே தட்டினாலே திறந்துகொள்கின்றன.

கைரேகைப் பெட்டியாக இருந்தால் கூடுதல் கவனம். 2023 அக்டோபரில் சுமார் 61,000 கைரேகைப் பெட்டிகளை அந்த நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் திரும்பப் பெற வைத்தது. உரிமையாளர் தன் விரலைப் பதிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்க, பெட்டி எந்த விரலுக்கும் திறந்தது. ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் இறந்த பிறகுதான் அது நடந்தது. அடுத்த வருஷம் வேறு சில கம்பெனிப் பெட்டிகளும் இதே குறையால் திரும்பப் போயின. எனவே மாப்பிள்ளை தன் விரலைப் பதிந்த பிறகு, பதியாத உன் பத்து விரலையும் வைத்துப் பார், எதற்கும் திறக்கக் கூடாது. நம்பர் பெட்டி என்றால் பிறந்த நாள், கார் நம்பர், போன் நம்பர் எதுவும் வேண்டாம். உன் ஐபேட் நம்பரைப் பெரியவள் எப்படிக் கற்றுக்கொண்டாள்? நீ அழுத்துவதைப் பார்த்துத்தான். அப்புறம் அந்த உபரிச் சாவி. பெட்டியோடு வரும் சாவியை எல்லோரும் சமையலறை டிராயரில் போட்டுவிடுகிறார்கள். அது மாப்பிள்ளையின் சாவிக்கொத்தில் இருக்கட்டும், கொத்து அவரோடேயே போகட்டும்.

நகைக்குத்தானே இவ்வளவு பயம்? நகையை வங்கி லாக்கரில் வைத்துவிடு. கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்றால் முந்தின நாள் எடுத்துக்கொள்ளலாம். திருடன் பெரும்பாலும் ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் வருகிறான், அப்போது பூட்டாத துப்பாக்கியும் அவனுக்கு ஒரு பொருள்தான்.

பிள்ளைகள் விளையாடப் போகும் வீடுகளிலும் கேட்டுவிடு. "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா?" என்று நேராகக் கேள். அலர்ஜி பற்றி, நாய் பற்றிக் கேட்பதில்லையா? முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும். உன் வீட்டுக்கு வரும் பிள்ளைகளின் அம்மாக்களுக்கும் நீயே முன்வந்து சொல்லிவிடு.

டெக்சாஸ் சட்டமும் இருக்கிறது. அஜாக்கிரதையால் குண்டு போட்ட துப்பாக்கி 17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் கைக்குக் கிடைத்துவிட்டால் குற்றம், பிள்ளை சுட்டு யாருக்காவது பெரிய காயமோ சாவோ ஏற்பட்டால் ஒரு வருஷம் வரை சிறை. சேம்பரில் ரவுண்டு இல்லை, மேகசினில்தான் இருந்தது என்ற சமாதானம் அங்கே செல்லாது. ஆனால் எல்லாம் நடந்து முடிந்த பிறகு வரும் சட்டத்தால் நமக்கு என்ன ஆகப்போகிறது?

இன்னும் ஒன்று. பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் பூட்டைத் தளர்த்தலாம் என்று எண்ண வேண்டாம். 2020-லிருந்து அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணம் துப்பாக்கிதான், சாலை விபத்தைத் தாண்டிவிட்டது. அதில் கை தவறி நடப்பது கொஞ்சம்தான். கொலையும் தற்கொலையும்தான் மிகுதி. பதிமூன்று, பதினான்கு வயதில் ஒரு பரீட்சையோ ஒரு பேச்சோ பிள்ளையை எப்படி உடைக்கும் என்று உனக்கே தெரியும். அந்த ஒரு மணி நேரம் கைக்கு எட்டாமல் இருந்துவிட்டால் மறுநாள் அந்தப் பிள்ளை காலை டிபன் சாப்பிட எழுந்து வரும். எனவே நம்பரைப் பெரியவளிடம் எந்த வயதிலும் சொல்லாதீர்கள்.

இன்று ராத்திரியே கம்பளிக்கு அடியிலிருந்து எடுத்துவிடுங்கள். பெட்டி வரும் வரைக்கும் கேபிள் பூட்டு போட்டு, தோட்டாவைத் தனியாக நம்பர் பூட்டு சூட்கேஸில் வைத்துக் கொள்ளுங்கள். வாங்கப் போகும் பெட்டியின் மாடல் நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பு, திரும்பப் பெற்ற பட்டியலில் இருக்கிறதா என்று தம்பியைப் பார்க்கச் சொல்கிறேன். ரேஞ்சுக்குப் போய் வந்தால் மாப்பிள்ளை கை கழுவி, சட்டை மாற்றிக்கொண்டுதான் சின்னவனைத் தூக்க வேண்டும். துணியில் ஈயத் தூள் ஒட்டியிருக்கும்.

சனிக்கிழமை பிள்ளைகள் தூங்கியதும் வீடியோவில் கூப்பிடுங்கள். உங்களுக்கு ராத்திரி பத்து மணி என்றால் எங்களுக்கு மறுநாள் காலை எட்டரை, நான் குளித்து முடித்துத் தயாராக இருப்பேன். மாப்பிள்ளை காலி செய்து காட்டட்டும், வரிசையை நான் பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா