வகுப்பில் சேர்ப்பதெல்லாம் சரி, அப்பா அம்மா எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கான ஜிம்னாஸ்டிக்ஸ், ஸ்கேட்டிங் வகுப்புகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டணம், நேரம், எந்த வயதில் சேர்க்கலாம் என்று எல்லாமே இருந்தது, ஆனால் பெற்றோரின் வேலை பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே நாற்காலியில் போனோடு உட்கார்ந்திருப்பதுதான் என்கிற மாதிரி எழுதியிருந்தது எனக்கு ஒப்பவில்லை.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளுக்கு 180 நிமிடமாவது உடலை அசைத்துக்கொண்டிருக்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது நன்றாக ஓடியாட வேண்டும் என்கிறது அது. மூன்று மணி நேரமா என்று மலைக்க வேண்டாம், நாள் முழுக்கப் பிரித்துக்கொள்ளலாம். வாரத்தில் இரண்டு நாள் முக்கால் மணி நேர வகுப்பு இதில் எந்த மூலைக்கு? மீதியெல்லாம் வீட்டிலும் தெருவிலும்தான் நடந்தாக வேண்டும், நம்மோடுதான் நடந்தாக வேண்டும்.

எங்கள் மகளுக்கு நான்கு வயது. மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது கிளிப் எடுத்துத் தருவது அவள் வேலை, கூடையை என் பக்கத்தில் வைக்காமல் அந்தக் கோடியில் வைத்துவிடுவேன், ஒவ்வொன்றாக ஓடி ஓடி எடுத்து வருவாள். வேலை இரண்டு மடங்கு நேரம் இழுக்கும், அவசரமான காலையில் இது ஆகாது. சாயங்காலம் அவள் அப்பா வந்ததும் உப்பு மூட்டை, அப்புறம் கல்லா மண்ணா. வாசல் படி கல், கீழே மண், இதற்கு வேறென்ன சாமான் வேண்டும்? அப்புச்சி, அதாவது என் அப்பா, வந்திருந்தால் அவரும் சேர்ந்துகொள்வார். வேண்டுமென்றே மாட்டிக்கொண்டு, இல்லவே இல்லை நான் கல்லில்தான் நின்றேன் என்று அவளோடு சண்டை போடுவார், விளையாட்டைவிட அந்தச் சண்டைதான் அவளுக்குப் பிடிக்கும்.

விடுமுறை நாட்களில் மருதமலை. பஸ்ஸிலேயே மேலே போய்விடலாம், ஆனாலும் நாங்கள் படியேறித்தான் போகிறோம். 800-க்கும் மேற்பட்ட படிகள், நடுநடுவே உட்கார மண்டபங்கள் இருக்கின்றன. அவளுக்கு இருபது வரைதான் எண்ணத் தெரியும், இருபது வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள், அதனால் கடைசிவரை ஏறியது இருபது படிதான் என்பது அவள் கணக்கு. தூக்கச் சொன்னால் தூக்கிக்கொள்வோம், கொஞ்ச தூரம் போய் இறக்கிவிடுவோம். மூச்சு வாங்குவது என்னவோ எனக்கும் அவள் அப்பாவுக்கும்தான், தினமும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே இருக்கிற எங்களுக்கு அதுவும் வேண்டியதுதான்.

சரி, ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுப் பக்கத்துப் பூங்காவைக் காலையில் திறந்து, வெயில் ஏறுமுன் பூட்டினால் சாயங்காலம்தான் மறுபடி திறக்கிறார்கள். சறுக்குமரத்துக்கு மேலே இவ்வளவு பெரிய வேப்பமர நிழல் இருந்து என்ன பிரயோஜனம்? நடைபாதை முழுக்க டூவீலர், பிள்ளையைக் கைபிடித்து நடத்திக் கூட்டிப்போக ரோட்டில்தான் இறங்க வேண்டியிருக்கிறது. அடுத்த முறை வகுப்புக் கட்டணப் பட்டியல் போடும்போது, எந்த ஊரில் எந்தப் பூங்கா எத்தனை மணிக்குத் திறக்கிறது, உள்ளே ஊஞ்சல் உடையாமல் இருக்கிறதா என்றும் விசாரித்துப் போடுங்களேன். காசு கொடுத்து வகுப்புக்கு அனுப்ப முடியாதவர்களுக்கும் அது உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கோவை.