கால் ஆபரேஷன், கால் வாய்ப்பு

அன்புள்ள கண்ணா,

முழங்கால் ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்று என்றாய். போனில் சொன்னால் பாதியில் வெட்டிவிடுவாய், அதனால் எழுதுகிறேன். மயக்க மருந்து டாக்டரிடம் பெரிய மாமா கதையைச் சொல்லாமல் வந்துவிடாதே.

1987-இல் மாமாவுக்குக் குடல்வால் ஆபரேஷன். மயக்க மருந்து கொடுத்த கொஞ்ச நேரத்தில் தாடை பூட்டிக்கொண்டது. உடம்பு விறைத்து அனலாய்க் கொதித்தது. தாத்தா சர்பத் கடைக்கு ஓடி, கோணிப்பையில் ஐஸ் கட்டி சுமந்து வந்தார். மாமா பிழைத்தார். ‘மருந்து ஒத்துக்கொள்ளவில்லை’ என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். விலங்கியல் டீச்சரான எனக்கே பல வருஷம் கழித்துத்தான் பொறி தட்டியது.

தசை செல்லுக்குள் வலைப்பின்னலாக ஒரு பை இருக்கிறது. கால்சியம் தேங்கும் ஏரி என்று வைத்துக்கொள். அதன் சவ்விலுள்ள மதகுதான் ரியானோடின் ஏற்பி. பூச்சி கொல்லப் பயன்பட்ட ஒரு செடியின் ரியானோடின் என்ற நஞ்சு இதில் போய் ஒட்டும், அதனால் வந்த பெயர். ஒரே மாதிரி நான்கு புரதங்கள் சேர்ந்த மதகு; ஒவ்வொன்றிலும் சுமார் 5,000 அமினோ அமிலங்கள். நீ காலை மடக்க நினைத்ததும் தசை செல்லின் வெளிச்சவ்வில் மின்துடிப்பு ஓடும். அங்குள்ள இன்னொரு புரதம் அதை உணர்ந்து மதகைத் திறந்துவிடும். கால்சியம் பாயும், தசை சுருங்கும். அப்புறம் மதகு மூடும். பம்புகள் செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து கால்சியத்தை ஏரிக்கே திரும்ப இறைக்கும். எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில்.

சிலருக்குப் பிறவியிலேயே அந்த மதகு தொளதொள. அன்றாடம் ஒன்றும் தெரியாது. ஹாலோத்தேன், செவோஃப்ளூரேன் மாதிரி மயக்க வாயுவோ, தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் மருந்தோ உள்ளே போனால் திறந்தது மூடாது. பம்பு விடாமல் இறைக்கும். அந்த வீண் உழைப்புதான் சூடு. 1960-இல் மெல்போர்னில் கால் முறிந்து வந்த 21 வயதுப் பையன் முறிவைவிட மயக்க மருந்துக்குத்தான் பயந்தான். அவன் சொந்தத்தில் 10 பேர் ஈதர் கொடுத்தபோது இறந்திருந்தார்கள். அவன் பேச்சை டாக்டர்கள் காதில் வாங்கித் துருவியதால்தான் மாலிக்னன்ட் ஹைபர்தெர்மியா என்ற இந்தப் பரம்பரை நோய் இருப்பதே வெளியே வந்தது.

மாமாவுக்கு வந்தது அதுதான் என்றால் எனக்குப் பாதி வாய்ப்பு, உனக்குக் கால். சிரிக்காதே. சின்ன வயதில் டான்சில் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததே என்றும் தட்டிக்கழிக்காதே. முதல் தடவை ஒன்றும் ஆகாதவர்களுக்கு அடுத்த தடவை வந்ததுண்டு. அந்த வாயுக்களுக்குப் பதில் முதுகில் மரத்துப்போகும் ஊசி போடலாம், ரத்தக்குழாய் வழியாக ப்ரொபோஃபால் என்ற மயக்க மருந்து கொடுக்கலாம். அந்த மதகை அடக்கும் டான்ட்ரோலீன் மருந்து கைவசம் இருக்கிறதா என்று கேள்.

டாக்டர் சொன்னதை அன்றைக்கே போன் பண்ணு. மாமாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவர் இன்னும் அந்த ஐஸ் மூட்டைக் கதையைச் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்.

அன்புடன்,
அம்மா